முகத்துவாரத்தில் தூண்டில் போடும் முன்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் படகேறி மீன் பிடிக்கப் போகிறீர்களா? முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும். நேற்று நீர் ஏறிய நேரத்தோடு சுமார் 50 நிமிடம் கூட்டினால் இன்றைய நேரம். ஏறத் தொடங்கும்போதே தூண்டிலை இறக்குங்கள். உயிர் இறாலுக்குக் கொடுவா வரும். துண்டு இறாலுக்குக் கிழங்கான், கெளுத்தி.

கெளுத்தியிடம்தான் கவனம் வேண்டும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், மூன்றிலும் விஷம். ஒருமுறை வெறும் கையால் தூண்டிலைக் கழற்றப்போய் என் பெருவிரலில் முள் ஏறிவிட்டது. முழங்கை வரை கடுத்தது. குறடு வைத்துக் கழற்றுங்கள். குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை முக்கி வையுங்கள். சூடு பட்டால் அந்த விஷத்தின் வீரியம் குறையும். மறு கையால் சூட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு மருத்துவரிடம் போங்கள். அன்றிலிருந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் இல்லாமல் நான் படகேறுவதில்லை.

மீனுக்கு எடைக்கு எடை ஐஸ். நண்டுக்கு ஈரச் சாக்கு போதும். சினை நண்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

நீர் வடியும்போது முகத்துவாரத்தை நெருங்காதீர்கள். வடியும் நீரும் எதிரலையும் மோதும் இடத்தில் சிறு படகு கவிழ்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட் கரையேறும்வரை உடம்பில் இருக்கட்டும்.