ஒரு நகர், இரு பெயர்கள்

செக் குடியரசின் இரண்டாவது பெரிய நகரைச் செக் மக்கள் பிர்னோ என்பர். செருமன் மொழியினர் புருன் என்பர். தமிழில் எழுதும் நாம் எதனைக் கொள்வது?

மெண்டல் பட்டாணிச் செடிகளை ஆய்ந்து மரபியலுக்கு வித்திட்டது இந்நகரின் மடமொன்றில்தான். 1865இல் அவர் இங்கு வாசித்த கட்டுரை மறு ஆண்டு செருமன் மொழியில் அச்சேறியது. அவ்விதழின் பெயரில் புருன் என்றே உள்ளது; அதனை நாம் மாற்றலாகாது.

ஆயினும் அப்பெயரில் வடுக்கள் உண்டு. 1939இல் நாசிப் படை நகரைக் கைக்கொண்டது. போர் முடிந்தபின், 1945 மே இறுதியில், அங்கு வாழ்ந்த செருமன் மொழியினர் ஆத்திரிய எல்லை நோக்கிக் கால்நடையாக விரட்டப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்டிர், குழந்தைகள், முதியோர். பலர் மாண்டனர். 2015இல்தான் நகரவை அதற்கு வருந்தி அறிக்கை விடுத்தது. ஒருவருக்கு ஆதிக்கத்தை நினைவூட்டும் பெயர், மற்றவருக்கு இழந்த வீட்டின் பெயர்!

இன்றைய நகரைச் சுட்டுங்கால் அங்கு வாழ்வோர் வழங்கும் பிர்னோவே தகும் என்பது என் துணிபு. செக் எழுத்தில் அச்சொல்லின் முதல் மூன்றும் மெய்களே. நம் மொழியில் மெய் தனித்துச் சொல்லுக்கு முதலாகாது. ஆதலின் ஓர் இகரம் ஈந்தோம். செக் மக்கள் பொறுத்தருள்வாராக! மெண்டலைப் பற்றி எழுதும் மாணவர், முதன்முறை மட்டும் பிர்னோவை அடுத்து அடைப்புக்குறிக்குள் புருன் எனச் சேர்த்தால் போதும்.