பழைய லேத்தில் சின்ன மில்லிங்

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் ரப்பர் ஷீட் ரோலரின் ஷாஃப்டில் ஒரு கீவே வெட்டத் தனி மில்லிங் மெஷின் வேண்டாம். களமசேரி எச்.எம்.டி.யில் செய்த பழைய லேத் மூலையில் கிடந்தால் போதும். அதன் கனமே அதிர்வைக் குறைக்கும்.

டூல் போஸ்டைக் கழற்றி, கிராஸ் ஸ்லைடில் வெர்டிகல் ஸ்லைடு பொருத்துங்கள். கட்டரை மூன்று தாடைச் சக்கில் பிடிக்காதீர்கள், வழுகி வெளியே வரும். கோலெட்டில் போட்டு, பின்னாலிருந்து டிராபாரால் இறுக்குங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் சக்கை ஒட்டிய பெட் பகுதியைத் தடவிப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் அதிகம். (புதுப் பெயின்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.)

பழைய ஸ்க்ரூவில் ஆட்டம் இருக்கும். ஆகவே கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகவே வேலைப்பொருளை நகர்த்துங்கள். திசையோடு நகர்த்தினால் கட்டர் அதை உள்ளே இழுத்துக்கொண்டு உடையும். மைல்டு ஸ்டீலில் 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். கட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று, ஒரு வெட்டுக்கு அரை மி.மீ. ஆழம். வெட்டும்போது கேரேஜ் பூட்டியிருக்கட்டும்.

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால், வேலை முடிந்ததும் கூலன்ட்டைத் துடைத்து பெட்டுக்கு எண்ணெய் பூசுங்கள். ஒரு ராத்திரி போதும், துரு பிடிக்க.