தலை நோன்புக்கு எந்தப் புடவை?

அன்புள்ள குட்டிம்மா,

உன் கேள்வி என்னவோ ஒரு வரிதான். கூடவே அனுப்பியிருந்த புடவைப் படங்களைப் பார்த்து முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போய்விட்டது. தலை நோன்புக்கு இதில் எதை வாங்கட்டும் என்கிறாய். வாங்கத்தான் வேண்டுமா என்று நீ கேட்கவே இல்லை. உன் வயசில் யாரும் கேட்பதில்லை, போகட்டும்.

முதலில் பீரோவைத் திற. அரக்கு நிறக் கூறைப்புடவை மேல்தட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். முகூர்த்தத்துக்குக் கட்டியதோடு சரி, அப்புறம் அது வெளிச்சத்தையே பார்த்திருக்காது. கல்யாணமாகி முதல் வரலட்சுமி நோன்புக்கு அதைக் கட்டாமல் வேறு எதற்குக் கட்டப்போகிறாய்? “அது ஒன்பது கஜம், எனக்குக் கட்டத் தெரியாது பெரியம்மா” என்பாய். உனக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். கல்யாணத்தன்று உன்னைச் சுற்றி நாலு பேர் நின்று கட்டிவிட்டார்கள், நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். ஏறக்குறைய எட்டு மீட்டர் துணியைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தரையில் உட்கார, எழுந்திருக்க, குனிந்து கோலம் போட மடிசாரைப் போல வசதியான கட்டு கிடையாது. கால் இரண்டும் தனித்தனியாக இருக்கும், கொசுவம் தடுக்காது. ஒரு பழைய பருத்திப் புடவையை வைத்து நாலைந்து நாள் பழகு, வந்துவிடும். தலைப்பு எந்தத் தோளில் என்பதை மட்டும் உன் மாமியாரைக் கேட்டுக்கொள். ஐயர் வீட்டில் வலது தோள், ஐயங்கார் வீட்டில் இடது. வீடியோவைப் பார்த்துக் கட்டினால் இதில்தான் மாட்டிக்கொள்வாய்.

தைத்த மடிசார் கடையில் கிடைக்கிறதே என்று அடுத்த கேள்வி வரும். வாங்கிக்கொள், தப்பில்லை. ஆனால் கூறைப்புடவையைத் தையல்காரரிடம் கொண்டுபோய் வெட்டித் தைக்கக் கொடுத்தாயோ, அதற்கப்புறம் என்னோடு பேசாதே.

நோன்புக் கதை கேட்டிருக்கிறாயா? வருஷாவருஷம் படிப்பார்கள், நீ கொழுக்கட்டைத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். மகத நாட்டில் குண்டினபுரம் என்ற ஊரில் சாருமதி என்று ஒரு பெண். கனவில் லட்சுமி வந்து பூஜை செய்யச் சொல்கிறாள். சாருமதி அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பூஜை செய்துவிட்டுப் பிரதட்சிணம் வருகிறாள். முதல் சுற்றில் காலில் சலங்கை வந்து சேர்கிறது, இரண்டாவது சுற்றில் கைக்கு வளையல், மூன்றாவதில் சர்வாபரணமும். கவனித்தாயா? நகை வந்தது பூஜைக்கு அப்புறம். நீ முதல் நாள் ராத்திரியே ஒட்டியாணம், வங்கி, நெத்திச்சுட்டி எல்லாம் மாட்டிப் பார்த்துப் போட்டோ அனுப்புகிறாய். லட்சுமிக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டாய் போலிருக்கிறது.

புடவையைத் தேர்ந்தெடுக்கும்முன் அன்றைக்கு என்னென்ன வேலை என்று யோசி. முதல் நாள் சாயங்காலம் வாசலிலிருந்து அம்மனை உள்ளே அழைத்துவர வேண்டும். கலசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலைப்படி தாண்டும்போது முந்தானையைப் பிடிக்கக் கை மிச்சமிருக்காது. மறுநாள் விடிகாலையில் பூரணம் கிளறி, சொப்பு செய்து, இட்லிப் பானையில் கொழுக்கட்டை வேகவைக்க வேண்டும். அதற்குப் பட்டு எதற்கு? துவைத்து உலர்த்திய பருத்திப் புடவை போதும். சுங்குடி ஒன்று கட்டிக்கொண்டு சமையலை முடி. மடி பார்க்கிற வீடானால் அது யார் கையும் படாமல் கொடியில் உலர்ந்ததாக இருக்க வேண்டும். குளித்துவிட்டுப் பட்டு கட்டுவது பூஜைக்கு உட்காரும்போது போதும்.

ஜார்ஜெட், ஷிபான் படங்கள் சில அனுப்பியிருக்கிறாய். கொசுவம் அழகாக விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். முந்தானையும் அழகாகக் குத்துவிளக்கின் மேல் விழும். இப்போது கடையில் கிடைக்கும் ஜார்ஜெட், ஷிபானில் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உருகாதென்றாலும் சட்டென்று பற்றிக்கொள்ளும், அதனால் அடுப்படியில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள். பட்டு சுலபத்தில் பற்றாது, பற்றினாலும் கருகி நின்றுவிடும். விளக்கும் கற்பூரமும் இருக்கிற இடத்தில் நம் பாட்டிகள் பட்டோடு புழங்கியது வெறும் பகட்டுக்காக இல்லை.

சரி, சீர் பணம் வந்திருக்கிறது, பட்டுதான் எடுப்பேன் என்கிறாயா? எடு. ஆனால் ஆடித் தள்ளுபடி பலகையைப் பார்த்துக் கடைக்குள் ஓடாதே. நோன்பு சிராவண மாதப் பௌர்ணமியை ஒட்டி முன்னால் வரும் வெள்ளிக்கிழமை; பல வருஷம் அது ஆடியிலேயே விழும். 2024இல் ஆகஸ்ட் 16, 2025இல் ஆகஸ்ட் 8, இரண்டும் ஆடிதான். கடைக்காரருக்கும் இது தெரியும். ‘சாப்ட் சில்க்’ என்றும் ‘செமி’ என்றும் அடுக்கி வைத்திருப்பதில் எது பட்டு, எது பாதிப் பட்டு என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்கு. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். தலைமுடி கருகுகிற வாடை வந்து சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் மூடிவைத்துவிட்டு எழுந்து வா.

சில்க் மார்க் முத்திரை இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதே. அது பட்டு நூலுக்குத்தான் ஜவாப்தாரி, ஜரிகைக்கு இல்லை. அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. உரசினால் உள்ளே சிவப்பு தெரியும் என்பார்கள். போலி செய்கிறவர்களுக்கும் அது தெரியும், சிவப்பு நூலைத்தான் வைக்கிறார்கள். ஜரிகை எந்த ரகம் என்பதையும் பில்லில் எழுதச் சொல். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று காஞ்சிபுரத்தில் கோர்வை போடுவார்களே, அதற்கு மூன்று நாடா வேண்டும், தறியில் கூட ஒரு ஆளும் உட்கார வேண்டும். விலை ஏன் அப்படி என்று கடையில் முகம் சுளிக்காதே. கட்டுப்படியாகவில்லை என்றால் ஆரணிப் பட்டு எடு, லேசாக இருக்கும். ஆகஸ்ட் புழுக்கத்தில் நாள் முழுக்க விரதம் இருக்கப்போகிறவளுக்குக் கனமான புடவை ஒரு பெருமையா?

நிறத்தைப் பற்றி நீளமாகக் கேட்டிருக்கிறாய். ராசிக்கு ஒரு நிறம், ஹோரைக்கு ஒரு நிறம் என்று யாரோ அட்டவணை அனுப்பினார்களாம். அதை அழித்துவிடு. மஞ்சள், அரக்கு, பச்சை, மாம்பழக் கலர் என்று மங்கலமாக எதையும் கட்டு. கறுப்பு வேண்டாம் என்று உன் மாமியார் சொன்னால் அதற்காக வாதம் பண்ணாதே, அந்த நாளில் வேறு வேலை நிறைய இருக்கிறது.

ரவிக்கைதான் எனக்குப் பயம். ஆரி வேலை செய்த முழங்கை நீள ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறாயாமே! மணியும் கல்லும் வைத்துத் தைத்த கை புடவை ஜரிகையை இழுத்து நூலைப் பிய்க்கும். கை இறுக்கமாக இருந்தால் நமஸ்காரம் பண்ணும்போது அக்குள் தையல் விடும். ஒன்பது முடிச்சுப் போட்ட மஞ்சள் சரட்டை வலது மணிக்கட்டில் கட்ட வேண்டும், அந்தக் கையில் டஜன் கணக்கில் வளையல் அடுக்காதே.

உனக்கு யோசித்ததில் பாதியாவது அம்மனுக்கு யோசித்தாயா? வெள்ளி முகத்துக்குக் கீழே கலசத்தில் ரெடிமேட் பாவாடையைச் சுற்றி எலாஸ்டிக் போட்டுவிடுகிறார்கள் இப்போது. ஒரு நல்ல ரவிக்கைத் துணியை விசிறியாக மடித்து நீயே கட்டிவிடு. காதோலை கருகமணியும் தாழம்பூவும் போதும், அம்மன் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். சாயங்காலம் வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தில் வைக்கும் ரவிக்கைத் துணியும் தைக்கக்கூடியதாக இருக்கட்டும். வீடு வீடாகச் சுற்றி, கொடுத்தவளிடமே திரும்பிவருகிற துணியை நீயும் சுற்றில் விடாதே.

இன்னொன்று. மாயவரம் அத்தை அன்று சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். சுமங்கலிகள் நோன்பு என்று அவளாகவே ஒதுங்கிக்கொள்வாள், சாம்பல் நிறத்தில் எதையோ கட்டிக்கொண்டு. மாமா போனபின் அவளுக்குப் பட்டு எடுத்துக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சீர் பணத்தில் அவளுக்கும் ஒரு பச்சைப் பட்டு எடு, கட்டச் சொல்லி முன்வரிசையில் உட்கார வை. யாராவது முகத்தைச் சுளித்தால் என்னிடம் அனுப்பு.

பூஜை முடிந்ததும் புடவையை உடனே மடித்து வைக்காதே. வியர்வை காய நிழலில் உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வை. ஜரிகை மேல் சென்ட் அடிக்காதே, கறுத்துப்போகும்.

புதன்கிழமைக்குள் ரவிக்கையைப் போட்டுப் பார்த்துவிடு. கை ஏறவில்லை என்று வெள்ளிக்கிழமை காலையில் போன் பண்ணினால் எடுக்கமாட்டேன். எனக்கும் கொழுக்கட்டை வேலை இருக்கிறது.

அன்புடன்,
உன் பெரியம்மா