நின்ற இடத்திலேயே பார்

அன்புத் தம்பிக்கு,

உன் செய்தி கிடைத்தது. மந்தைவெளியில் உன் ஷெட்டுக்கு வரும் அந்த பிரீமியர் பத்மினி காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. மாட வீதியைச் சுற்றி லஸ் முனைக்கு வருவதற்குள் இன்ஜின் நின்றுவிடுகிறது. அதன்பிறகு எத்தனை செல்ஃப் அடித்தாலும் எடுப்பதில்லை. அரை மணி நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. காயில் மாற்றினாய், கண்டன்சர் மாற்றினாய், பெட்ரோல் பம்பையும் மாற்றினாய். போன வாரம் மறுபடி நின்றது. அடுத்து கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா என்று கேட்கிறாய்.

வேண்டாம். இனி எதையும் மாற்றாதே. உன் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாயிண்ட் இடைவெளியை நீ வைக்கும் சுத்தத்தைப் பார்த்தவன் நான். ஆனால் அந்த வண்டி நன்றாக இருக்கும் நேரத்தில் மட்டுமே நீ அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஷெட்டுக்குள் வந்து நிற்கும்போது அதற்கு எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு லஸ் முனையில் இருக்கிறது, வண்டி நின்ற முதல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. கட்டி இழுத்து வந்து, பானெட்டைத் திறந்து, நீ டெஸ்ட் லேம்பைக் கையில் எடுப்பதற்குள் எல்லாம் ஆறிவிடுகிறது. அதற்குப் பிறகு நீ மாற்றுவது எல்லாமே ஊகத்தின் பேரில்தான்.

நின்ற வண்டியின் பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். ஓடும்போது ஃபேன் காற்றைத் தள்ளுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, டேங்கிலிருந்து சூடாகாத பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. இன்ஜின் நின்றதும் இந்த மூன்றும் நின்றுபோகின்றன. ஆனால் பிளாக்கில் ஏறியிருக்கும் சூடு உடனே போய்விடாது. அது பம்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறுகிறது. அதனால் வண்டி நின்ற பிறகும் கால் மணி நேரம் போல பானெட்டுக்குள் சூடு கூடிக்கொண்டுதான் போகும். பெட்ரோல் என்பது ஒரே திரவம் கிடையாது, பலவற்றின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். அக்னி நட்சத்திர நாளில் சென்னைக் காற்றே அந்தச் சூட்டில் இருக்கிறது. பத்மினியின் பம்ப் பிளாக்கோடு போல்ட் போட்டுப் பூட்டியது. குழாய்க்குள் பெட்ரோல் ஆவியானால் பம்ப் அந்த ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர, ஃப்ளோட் சேம்பருக்கு ஒரு சொட்டும் போகாது. நாம் ஏர்லாக் என்று சொல்வது இதைத்தான்.

அதே சூடு காயிலையும் பதம் பார்க்கிறது. உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி எங்காவது விட்டிருந்தால், ஆறின நிலையில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூடேறி விரிந்ததும் பிரிந்துவிடும். ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆகவே ‘சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கரன்டா பெட்ரோலா என்று யாராலும் சொல்ல முடியாது. நீ காயிலையும் பம்பையும் அடுத்தடுத்து மாற்றியது இதனால்தான்.

பானெட்டைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்குச் சொந்தக்காரரான அந்தப் பெரியவரை உட்காரவைத்துப் பேசு. எத்தனையோ வருடமாக அவர்தான் அந்த வண்டியை ஓட்டுகிறார். அவர் காலுக்கும் காதுக்கும் தெரிந்தது நம் மீட்டருக்குத் தெரியாது. சட்டென்று, சாவியை அணைத்த மாதிரி நின்றதா என்று கேள். இல்லை, இழுவை குறைந்து, இரண்டு மூன்று குலுக்கல் குலுக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறாமல் நின்றதா? முதலாவது என்றால் பெரும்பாலும் கரன்ட். இரண்டாவது என்றால் பெரும்பாலும் பெட்ரோல். பெரும்பாலும்தான். செத்துக்கொண்டிருக்கும் கண்டன்சரும் மிஸ்ஸிங் காட்டிக் குலுக்கிவிட்டுத்தான் நிற்கும். வண்டி நின்றதும், சாவி ஆனில் இருக்கையில், டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்ததா என்றும் கேள். எரியவில்லை என்றால் நீ காயில் பக்கமே போகத் தேவையில்லை. இக்னிஷன் சுவிட்சுக்குக் கரன்ட் வருகிறதா, சுவிட்ச் அதை உள்ளே விடுகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தேய்ந்த சுவிட்சுகள் இந்த வயது வண்டிகளில் நிறைய. பிறகு, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எப்போது போட்டது என்று கேள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்.

அதன் பிறகு வண்டியை வேண்டுமென்றே நிற்கவை. நல்ல வெயிலில், பெரியவரையே ஓட்டச் சொல்லி, நீ பக்கத்தில் உட்கார். ராமகிருஷ்ண மடம் சாலை, லஸ், கச்சேரி சாலை என்று சுற்றினால் போதும். மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டதிலிருந்து இந்தப் பகுதியில் முதல் கியரிலேயே ஊர்ந்து போக வேண்டியிருக்கிறது. பழைய வண்டியைச் சூடேற்ற அதைவிட வேறு வழி தேவையில்லை. டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், ரப்பர் கைப்பிடி போட்ட பிளையர், ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு துணி, சின்னத் தீயணைப்பான் எல்லாம் காலடியில் இருக்கட்டும். நின்றதும் ஓரங்கட்டித் தள்ளிவிட்டு உடனே இறங்கு. திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பேட்டரியைக் காலி செய்ய வேண்டாம்.

முதலில் ஸ்பார்க். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் ஒயரைப் பிடுங்கு. பிளையரில் பிடித்து, அதன் முனையை பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வை. பெரியவரை ஒரு செல்ஃப் அடிக்கச் சொல். நீலமாக, சடக் சடக் என்று சத்தத்தோடு பாய்ந்தால் காயில் வரைக்கும் சரி. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் கண்டன்சரையும் பாயிண்ட்டையும் பார். வரவேயில்லை என்றால் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்திலும் மறு முனையை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் சின்ன ஒயர் இருக்கிறதே, அந்த முனையிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடிக்கச் சொல். விளக்கு மினுக்கினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது, பிரைமரி நன்றாக இருக்கிறது. காயிலின் செகண்டரியோ கண்டன்சரோதான். விடாமல் எரிந்தால் பாயிண்ட் வழியாக எர்த் கிடைக்கவில்லை. எரியவே இல்லை என்றால், காயிலுக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது பிரைமரி விட்டிருக்கிறது, அல்லது அந்த முனை எங்கோ எர்த்தாகி நிற்கிறது. காயிலின் ஒயர்களைக் கழற்றி, சூட்டோடு சூடாக பிரைமரி ஓம்ஸை அளந்து எழுதிக்கொள். 3 ஓம் ஒட்டி இருக்க வேண்டும். ஆறிய பிறகு இன்னொரு முறை அள. சூட்டில் ஒன்று, ஆறியதும் ஒன்று என்று பெரிய வித்தியாசம் வந்தால் அந்தக் காயில் குற்றவாளி. இதைச் சொல்ல உனக்கு வேறு யார் சாட்சியும் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நிற்காதே. பாயிண்ட் மூடிய நிலையில் இருந்தால் காயில் வழியாக 4 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். நல்ல காயிலையும் நீயே சூடாக்கிக் கெடுத்துவிடுவாய்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் ஒயர்களைத் திரும்ப மாட்டிவிட்டுப் பெட்ரோலுக்கு வா. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து வேலை செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும், வண்டியோடு உன் முகமும் போய்விடும். ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கையால் ஒரு தடவை இழு. சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சியடிப்பது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. (எஸ்.யு. கார்புரேட்டர் பொருத்திய பழைய அம்பாசடரில் இப்படிப் பீச்சாது. அதில் இதை எதிர்பார்த்து ஏமாந்துவிடாதே.) அடுத்து ஒரு பிளக்கைக் கழற்று. நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் ஓவர்ஃப்ளோ. சேம்பரிலிருந்த பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கிறது, அல்லது நீடில் சரியாக மூடவில்லை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்தால் எடுக்கும். பிளக் காய்ந்திருந்து தொண்டையிலும் ஒன்றும் வரவில்லை என்றால், கார்புரேட்டரைத் தொடாதே, டேங்க் மூடியிடம் போ. மூடியைத் திருகும்போது உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் திணறுகிறது. அரை மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து சரியாகிவிடும். பார்ப்பவர் ஏர்லாக் என்பார்.

ஈரத்துணியைப் பற்றி உன்னிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து எல்லாவற்றின் மேலும் தண்ணீர் தெளிப்பார்கள். வண்டியும் எடுத்துவிடும், போய்விடுவார்கள். எது ஆறியதால் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஈரத்துணி நல்ல சோதனைக் கருவி, ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் வைத்தால். முதல் தடவை நிற்கும்போது பிழிந்த துணியைப் பம்பின் மேல் மட்டும் போடு. அடுத்த தடவை நின்றால் காயிலின் உடம்பில் மட்டும் சுற்று, மேலே ஒயர் ஏறும் கழுத்தில் ஈரம் படாமல். எந்தத் துணிக்கு வண்டி இரண்டு மூன்று நிமிடத்தில் பதில் சொல்கிறதோ அந்த இடத்தைப் பிடி. இரண்டு தடவைக்கும் பொறுமை வேண்டும், பெரியவருக்கும் வேண்டும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி சம்மதம் வாங்கிக்கொள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பம்பாய் குர்லாவில் பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. அம்பாசடர் 2014-இல் நின்றது. 1961 முதல் நம் சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு உதிரி பாகம் கேட்டால் இன்று கடைக்காரர் உன்னை நிமிர்ந்து பார்ப்பார். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இன்னமும் தேடினால் கிடைக்கும். ஆனால் புது அட்டைப் பெட்டியில் வருவதெல்லாம் நல்ல சரக்கு என்று சொல்ல முடியாது. நீ ஊகத்தில் கழற்றிப் போட்ட காயில், பாடியில் லூகாஸ் டிவிஎஸ் செய்த அசலாக இருந்தால், அதற்குப் பதிலாக நீ பூட்டியது அதைவிட மட்டமான போலியாக இருக்கலாம். அப்படியானால் இல்லாத கோளாறை நீ காசு கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறாய். இனிமேல் இந்த வண்டிகளில் கழற்றிய எந்தப் பாகத்தையும் குப்பையில் போடாதே. சீட்டு எழுதிக் கட்டி, தேதி போட்டு, உரிமையாளரிடமே கொடு.

கடலோர ஊர்க்காரனாக இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாந்தோமிலிருந்து வரும் உப்புக் காற்று எர்த் ஒயரின் நுனிகளைத் தின்றுவிடும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மற்றதை பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றி, பளபளவென்று சுரண்டி, திரும்பப் பூட்டு. பெட்ரோல் பக்கத்தில் பழைய ரப்பர் குழாய்களைப் பார். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. உள்ளே ஊதி, செதிலாக உதிர்ந்து, ஃபில்டரையும் ஜெட்டையும் அடைக்கும். எப்போதாவது எடுக்கும் வண்டியில் எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும்.

கார்புரேட்டர் வண்டிகள் போனபிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரத் தொடங்கிய சான்ட்ரோவே இன்று பழைய வண்டி. அதிலும் சூடானால் நின்று, ஆறினால் ஓடும் கதை உண்டு. பாயிண்ட் இருந்த இடத்தில் கிராங்க் சென்சார், அவ்வளவுதான். சாவியை ஆன் செய்ததும் டேங்கிலிருந்து இரண்டு விநாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா? ஸ்கேனர் போட்டு செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். சுழி என்று நிற்கிறதா? இந்த இரண்டையும் நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இனி உன் பத்மினி. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சொல்லமாட்டேன். சொன்னால் நீ அதையே தேடிப் போவாய், மற்றதைப் பார்க்கமாட்டாய். பழைய காயில் இன்னும் ஷெட்டில் இருந்தால் எடுத்து வை. பெரியவரிடம் இதுவரை மாற்றிய மூன்று பாகத்துக்கும் கூலி வாங்கியிருந்தால், கோளாறு பிடிபடும் வரை இனி ஒரு ரூபாயும் வாங்காதே. அவர் சொன்ன பதில்கள், ஸ்பார்க்கின் நிறம், விளக்கு மினுக்கியதா, சூட்டிலும் ஆறிய பிறகும் காயிலின் ஓம்ஸ், டேங்க் மூடி உஸ் என்றதா, எந்தத் துணிக்கு வண்டி எடுத்தது, இத்தனையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்