குதிரைக்கு ஏன் மூச்சு இரைக்கிறது?

ஐதராபாத்தில் சனத்நகர் பழைய தொழிற்பேட்டை. அங்கே கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டு மாதமாக அவருடைய குதிரை இருமுகிறது. காய்ச்சல் இல்லை. சும்மா நிற்கும்போதே மூக்கு விரிகிறது. வயிறு ஏறி ஏறி இறங்குகிறது. "பனிக்காலம். சளி பிடித்திருக்கிறது" என்கிறார் அவர். கொட்டகையைச் சுற்றிச் சாக்குக் கட்டி மூடினார். இருமல் அதிகமாயிற்று. இரண்டு கல்யாணம் கை நழுவிப் போயிற்று.

அது சளி அல்ல, ஆஸ்துமா. மனிதருக்கு வருவது போலவே குதிரைக்கும் வரும். மற்றக் குதிரைகளுக்குத் தொற்றாது.

காய்ந்த புல்லை வெயிலில் உதறிப் பாருங்கள். தூசி பறக்கும். அதில் பூஞ்சணமும் இருக்கும். குதிரை புல்லுக்குள் மூக்கை நுழைத்துத் தின்கிறது. அதனால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. மூக்கு ஒன்றுதான் வழி. தூசி உள்ளே போகிறது. மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது. கொட்டகையை மூடினால் தூசியும் மூத்திர நெடியும் உள்ளேயே தங்கிவிடும்.

ஆகவே முதலில் சாக்கை அவிழ்த்துவிடுங்கள். காற்று வரட்டும். புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வையுங்கள். ஈரம் காயுமுன் போடுங்கள். காய்ந்தால் மறுபடி தூசிதான். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும். தவிட்டையும் தண்ணீர் விட்டுப் பிசறிப் போடுங்கள். கொட்டகையைப் பெருக்கும்போது குதிரையை வெளியே கட்டுங்கள். ஒரு நாள் சோம்பலில் காய்ந்த புல்லைப் போட்டால், பல நாள் இருமும். பச்சைப் புல் இன்னும் நல்லது. நகரத்தில் தினமும் அதற்கு எங்கே போவது?

இந்த நோய் அடியோடு போகாது. அடக்கி வைக்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கவும் வீக்கத்தைக் குறைக்கவும் மருந்து உண்டு. அதைக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். ஐதராபாத்தில் ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

காய்ச்சலும் மூக்கில் கெட்டியான சளியும் இருந்தால் காத்திருக்காதீர்கள். அது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும்.

உங்கள் குதிரை அமைதியாக நிற்கும்போது விலாவைப் பாருங்கள். அது ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 8 முதல் 16 வரை இருந்தால் சரி. தினமும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். "கொஞ்ச நாளாக இரைக்கிறது" என்று சொல்வதைவிட, அவருக்கு அந்த எண்கள் அதிகம் சொல்லும்.