‘த்ரின்’ என்று முடிந்தால் கீழே வைத்துவிடுங்கள்: பூனைக்குத் தெள்ளு மருந்து வாங்கும் முறை

அட்வான்டேஜ், அட்வான்டிக்ஸ். இரண்டும் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள், ஒரே நிறுவனத்திலிருந்து வந்தவை. பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும்தான் வேறு. முதலாவதில் இருப்பது இமிடாக்ளோப்ரிட். பூனைக்கென்று வரும் பெட்டியைப் பூனைக்குப் போடலாம். இரண்டாவதில் அதோடு பெர்மெத்ரினும் சேர்ந்திருக்கிறது. அது நாய்க்கு மட்டுமே உரியது. பூனையின் மேல் விட்டால் சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கும், வலிப்பு வரும், வைத்தியம் கிடைக்காவிட்டால் செத்தும் போகும்.

பெட் ஷாப்பில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பது அபூர்வம். “நாய்க்குப் போடுறதுதான் சார், பூனைக்குப் பாதி விட்டாப் போதும்” என்பார்கள். வளர்ந்த, திடமான பூனை தெள்ளுக்கடியால் சாவது அரிது. தெள்ளுக்காகப் போட்ட மருந்தால் சாவது அப்படி அரிதல்ல. ஆகவே காசைக் கொடுக்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் பூனை வளர்ப்பவருக்கு இதில் பாதி வேலை.

தெள்ளுதானா என்று பார்ப்பது

கடைக்குப் போகும் முன் பூனையின் மேல் இருப்பது தெள்ளுதானா என்று தெரிய வேண்டும். உண்ணி தோலைக் கவ்வியபடி அசையாமல் இருக்கும். ரத்தம் குடித்ததும் மிளகளவுக்கு ஊதும். பேன் மெதுவாக ஊரும். தெள்ளு செம்பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் தட்டையாக, இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். ரோமத்தை விலக்கியதும் ஓடி மறையும் அல்லது தாவும்.

ஆனால் பூனை ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. மேலே ஏறிய தெள்ளைப் பெரும்பாலும் அதுவே பிடித்துத் தின்றுவிடுவதால் தேடினாலும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். தெள்ளு போட்ட எச்சத்தைத் தேடுவது சுலபம். வெள்ளைத் துணி ஒன்றை விரித்துப் பூனையை அதன்மேல் நிறுத்தி, வால் தொடங்கும் இடத்திலும் கழுத்தைச் சுற்றியும் பேன் சீப்பால் அழுத்தி வார வேண்டும். கருப்பாக, மிளகுத்தூள் போல எதுவும் உதிர்ந்தால் அதை நனைத்த டிஷ்யூ காகிதத்தில் வைத்து விரலால் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். வெறும் மண்ணானால் சாம்பல் நிறமாகவே இருக்கும். தெள்ளின் எச்சமானால் ஓரத்தில் துருச் சிவப்பாகக் கசியும். அது பூனையின் ரத்தம், செரித்து வெளியே வந்தது.

சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. நாலைந்து கடிக்கே முதுகெல்லாம் பொடிப்பொடியாகப் பக்கு கட்டும், வயிற்று ரோமம் நக்கியே கொட்டிப்போகும். குட்டிகளுக்கு ஆபத்து வேறு விதம். நிறையத் தெள்ளு ஏறிய சின்னக் குட்டிக்கு ரத்தம் குறைந்து ஈறு வெளுத்துவிடும். உதட்டைத் தூக்கிப் பார்க்கும்போது ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் காகிதம் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து, எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு இறக்கிவிட்டு ஏறி, கழித்துக்கொள்ளலாம். எடை, வயது, சினையா, பால் கொடுக்கிறதா, முன்பு வலிப்பு வந்ததுண்டா: இவ்வளவும் தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பெட்டியின் பின்பக்கம்

பெர்மெத்ரின் பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. நாயின் உடம்பிலும் நம் உடம்பிலும் போனால் கல்லீரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேகம் கிடையாது. காலங்காலமாக இறைச்சியை மட்டுமே தின்று வந்த மிருகத்துக்குச் செடிகொடிகளின் நஞ்சை முறிக்கும் தேவை இருக்கவில்லை. அந்த வேலைக்கான முக்கிய நொதி ஒன்றைத் தயாரிக்கும் மரபணு பூனைக் குலத்தில் என்றோ செயலிழந்துவிட்டது. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலில் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும் என்பதற்கும், ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு நோவு வருவதற்கும் இதே குறைபாடுதான் காரணம்.

கணக்கைப் பார்த்தால் ‘பாதி விட்டாப் போதும்’ என்ற பேச்சின் ஆபத்து புரியும். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவீதம் அல்லது அதற்கும் மேல். ஒரு மில்லியில் 450 மில்லிகிராம். நாலரைக் கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 100 மில்லிகிராம். உயிருக்கே ஆபத்தான அளவு.

வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி, ‘த்ரின்’ என்று முடியும் எந்தப் பெயரையும் பூனை விஷயத்தில் ஒதுக்கிவிடுவது. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் எல்லாம் அந்தக் குடும்பம். முக்கியமான விலக்கு, இமிடாக்ளோப்ரிடும் ஃப்ளூமெத்ரினும் சேர்ந்து கழுத்துப்பட்டையாக வரும் செரெஸ்டோ. அதில் மருந்து மிகக் குறைந்த அளவில் மெல்லக் கசிவதால் பூனைக்கு என்றே அனுமதி பெற்ற பட்டை உண்டு. நாய்ப் பட்டையை வெட்டிக் கட்டுவது கூடாது. முன்பக்கத்தில் ஃபிப்ரோனில் என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. நாய்க்காக ஃபிப்ரோனிலோடு பெர்மெத்ரினைக் கலந்து விற்கும் மருந்துகளும் இருக்கின்றன.

பெட் ஷாப்புக்கு வெளியிலும் இதே மருந்துகள் வேறு உருவில் கிடக்கின்றன. மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் மருந்துகளில் பல டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அல்லது பூனைக்கு அதே அளவு ஆகாத அமிட்ராஸ். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். சொறி சிரங்குக்கு மனிதர்களுக்கு எழுதித் தரும் க்ரீம், பெர்மெத்ரினேதான். வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று பூனையின் காதோரம் தடவிவிடுபவர்கள் உண்டு.

‘இயற்கை’ என்ற பெயரும் காப்பாற்றாது. பூனையின் மேல் எது பட்டாலும் நக்குவதால் அது வயிற்றுக்குள் போகும். புகையிலைத் தண்ணீரில் நிகோட்டின் இருக்கிறது. கற்பூரம், பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய், நீலகிரித் தைலம், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் பூனைக்கு விஷம். உணவில் பூண்டு கலந்து கொடுத்தால் ரத்தச் சிவப்பணு சிதையும். தெள்ளு ஓடுவதும் இல்லை. வேப்பெண்ணெயை நம்புவோர் நிறைய. ஆனால் அதைத் தடவிய பூனைகள் எச்சில் ஒழுகி, நடுங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கின்றன.

தவறிப் போட்டுவிட்டால்

நாய் மருந்தைப் போட்டுவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே பாத்திரம் கழுவும் திரவத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். சுடுநீர் தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டி மருந்தை உள்ளே இழுக்கும். பச்சைத் தண்ணீர் உடம்பைக் குளிரவைக்கும், குளிர்ந்த உடம்பில் இந்த விஷம் இன்னும் தீவிரமாகும். இரண்டு மூன்று தடவை நுரை போட்டுக் கழுவி, துவட்டி, துணியில் சுற்றி, மருந்துப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பூனைக்கு அப்போதே நடுக்கம் தொடங்கியிருந்தால் கழுவிக்கொண்டிருக்க நேரமில்லை. வலிப்பை அடக்குவதுதான் முதல் வேலை, அதை டாக்டர்தான் செய்ய முடியும்.

பால் ஊற்றுவது, உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது எதுவும் வேண்டாம். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. நடுக்கத்தைத் தணித்து, உடம்புச் சூட்டைக் கவனித்து, குளுக்கோஸ் ஏற்றி ஒன்றிரண்டு நாள் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். சீக்கிரம் கொண்டுபோன பூனைகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. அறிகுறி மூன்று மணி நேரத்திலும் வரலாம், அடுத்த நாளும் வரலாம். நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஒரே வீட்டில் நாயும் பூனையும் கட்டிப்பிடித்துத் தூங்கினால், நாய்க்குப் போட்ட மருந்தாலும் இது நேரலாம்.

எதை வாங்குவது

பூனைக்கென்று தயாரான மருந்துகளில் அதிகம் புழங்குவது ஃபிப்ரோனிலும் எஸ்-மெத்தோப்ரினும் சேர்ந்த சொட்டு. முதலாவது வளர்ந்த தெள்ளைக் கொல்லும், இரண்டாவது முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். (‘மெத்தோப்ரின்’ வேறு இனம், ‘த்ரின்’ அல்ல.) 8 வாரம் தாண்டிய, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட குட்டிக்கு அரை மில்லிக் குப்பி ஒன்று. வீட்டில் முயல் இருந்தால் அதற்கு மட்டும் ஃபிப்ரோனில் கூடவே கூடாது.

தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டிக்குச் செலமெக்டின் பொருத்தம். மாதம் ஒரு சொட்டில் தெள்ளோடு காதுச் சிற்றுண்ணியும் குடல் புழுக்கள் சிலவும் போகும். காபித்தூள் மாதிரிக் காதில் அழுக்கு அடைந்திருக்கும் குட்டிகளுக்கு இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சினைப் பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் டாக்டர்கள் கொடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

மாதாமாதம் பூனையைப் பிடித்து அமுக்க முடியாதவர்களுக்கு ஃப்ளூராலனெர் இருக்கிறது. ஒரு சொட்டு சுமார் மூன்று மாதம் தாங்கும். இந்த வகை மருந்துகளால் சில நாய், பூனைகளுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த பூனைக்கு டாக்டர் சொல்லாமல் போட வேண்டாம். ஐவர்மெக்டின் ஊசி போட்டால் எல்லாம் போய்விடும் என்று சொல்பவர்களும் உண்டு. சிற்றுண்ணிக்கு அது உதவும். தெள்ளுக்கு அதை நம்ப முடியாது. அளவு தப்பினால் குட்டி மயங்கி விழும்.

8 வாரம் ஆகாத குட்டிக்கு? சீப்புதான். வாரிய சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் தெள்ளு மூழ்கும். வெறும் தண்ணீரில் மிதந்து தப்பிவிடலாம். குளிப்பாட்டினால் உடனே துவட்டி, சூடு காட்டிக் காயவைக்க வேண்டும். சின்னக் குட்டி குளிரில் சீக்கிரம் துவண்டுவிடும்.

சொட்டு விடும் இடம் தலைக்குக் கீழே, பிடரியின் மேல்பகுதி. அங்கேதான் நாக்கு எட்டாது. ரோமத்தை இரண்டாக வகிர்ந்து தோல் தெரிந்ததும் அதன்மேல் விட வேண்டும். ரோமத்தின் மேல் வழிந்தால் காசு வீண். இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம். இரண்டு பூனை இருந்தால் காயும்வரை பிரித்து வைப்பது நல்லது, ஒன்றையொன்று நக்கும். கொஞ்சம் நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளினால் பல நேரம் அது கசப்பினால்தான், சிறிது நேரத்தில் அடங்கும். நடுக்கமோ தள்ளாட்டமோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்கும் வைத்தியம்

ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை ஒட்டாது, பூனை போகும் இடமெல்லாம் உதிரும். பூனையின் மேல் தெரியும் வளர்ந்த தெள்ளு மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூடாகப் பாயின் அடியிலும் சோபா இடுக்கிலும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாலும் இருக்கிறது. மே மாதம் ஊருக்குப் போய்த் திரும்பி, பூட்டிய கதவைத் திறந்ததும் கணுக்காலில் தெள்ளு மொய்ப்பது இதனால்தான். கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும் தெள்ளு காலடி அதிர்வையும் மூச்சுக்காற்றையும் உணர்ந்துதான் வெளியே வரும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் தொடுவதில்லை.

கார்ப்பெட் இல்லாத வீடாக இருப்பது நம்மூரில் பெரிய வசதி. பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒருமுறை கொதிக்கும் சூட்டில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டாலே பெரும்பகுதி ஒழியும். தெள்ளின் புழு ஈரம் இல்லாமல் வாழாது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ் போனால் காய்ந்து சாகும். கடலோர ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தொல்லை கூடுவது அதனால். சோபா மடிப்பில் வாக்யூம் போட்டு, தூசிப் பையை உடனே வெளியே கொட்ட வேண்டும். தரைக்கு ஃபினாயிலுக்குப் பதில் சோப்புத் தண்ணீர். ஆள் வைத்து மருந்து அடிப்பதானால், நன்றாகக் காயும்வரை பூனை வேறு வீட்டில் இருக்கட்டும்.

முதல் சொட்டு போட்டு இரண்டு வாரத்தில் மறுபடி தெள்ளு தெரிந்தால் மருந்து போலி என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை வீட்டுக் கூடுகளிலிருந்து புதிதாக வந்தவை. பூனையின் மேல் ஏறியதும் சாகும். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைக்கும், அதது இனத்துக்கான மருந்தை, நாள் தவறாமல் குறைந்தது மூன்று மாதம் போட்டால்தான் சுழற்சி அறுபடும். அதற்கு முன்பே அவசரப்பட்டு ஒரு மருந்தின் மேல் இன்னொன்றைப் போடுவதில்தான் விபத்துகள் நடக்கின்றன.

இடையில் பூனையின் ஆசனவாய் ரோமத்திலோ படுக்கையிலோ அரிசி போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்குவதால் வருவது. தெள்ளு மருந்து எதுவும் தனியாக அதைப் போக்காது. எடைக்கேற்பப் பிராசிகுவான்டெல் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும். தெள்ளு ஒழியும் முன் கொடுத்தால் அடுத்த மாதமே புழு திரும்பி வரும்.