ஹெட்செட்ல தப்பில்ல, செட்டிங்ஸ்லதான்!

போன செமஸ்டர், ஹாஸ்டல் டோர்னமென்ட் செமிஃபைனல். கடைசி ரவுண்ட். எங்க டீம்ல நான் மட்டும்தான் மிச்சம். காலடிச் சத்தம் முன்னாடி கேட்டுச்சு, பார்த்தேன். பின்னாடி இருந்து சுட்டுட்டான். "ஹெட்செட் சரியில்லடா"ன்னு சொல்லி, புதுசு வாங்க அப்பாகிட்ட காசு கேட்கிற வரைக்கும் போயிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, ஒரே சத்தத்துக்கு ரெண்டு தடவை ஸ்பேஷியல் ஆடியோ ஓடிட்டு இருந்திருக்கு.

ஒரு சத்தம் எங்கிருந்து வருதுன்னு மூளைக்கு எப்படித் தெரியும்? நேர் வலப்பக்கம் வரும் சத்தம் இடது காதுக்குச் சுமார் 0.65 மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். 48,000 ஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் அது வெறும் 31 சாம்பிள்தான்! கூடவே, 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 செ.மீ. மட்டுமே என்பதால், தலை அதை மறைத்துவிடும். இடது காதில் சத்தமும் குறையும்.

ஆனா நேர் முன்னாடி, நேர் பின்னாடி வரும் சத்தத்துக்கு இந்த ரெண்டு வித்தியாசமும் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே கைகொடுப்பது காது மடல். அதன் மடிப்புகளில் பட்டு வரும்போது சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். திசை மாறினால் இதுவும் மாறும். இதையெல்லாம் அளந்து ஃபில்டராக மாற்றினால் அதுதான் ஹெச்.ஆர்.டி.எஃப். சிக்னல்ஸ் பேப்பர்ல பயந்துகிட்டே படிச்ச கான்வல்யூஷன்தான் இங்கே வேலை செய்கிறது. கவுன்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ் கேமில் இந்த வசதி 2016-ல் வந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஃபில்டர் போட்டால் ஒலியின் நிறமும் மாறும். துப்பாக்கிச் சத்தம் மெலிசா, டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி தோணலாம். பொதுவா அந்த ஃபில்டர் நம்ம காதில் அளந்ததும் கிடையாது. அதனால ஒருத்தருக்குத் துல்லியமா இருக்கிறது, இன்னொருத்தருக்கு "குவாலிட்டி போச்சு"ன்னு தோணும்.

என் தப்பு எங்கேன்னா, கேம் ஏற்கனவே ஃபில்டர் போட்டு ரெண்டு சேனலா அனுப்புது. ஹெட்செட் சாஃப்ட்வேரின் விர்ச்சுவல் 7.1 அந்த ரெண்டையும் முன்னாடி வைத்த ரெண்டு ஸ்பீக்கர்னு நினைச்சு, மறுபடியும் ஃபில்டர் போடுது. இடது காதுக்கு மட்டும் போக வேண்டியது வலதுலயும் கலக்குது. முன்னா பின்னான்னு தெரியாமப் போகுது.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க:

1. கேமில் ஹெச்.ஆர்.டி.எஃப். இருந்தா அதை மட்டும் வைங்க. விண்டோஸ் சோனிக், விர்ச்சுவல் 7.1 ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க.
2. கேமில் அது இல்லாம, 7.1 அவுட்புட் மட்டும் இருந்தா, வெளியே ஏதாவது ஒண்ணை ஆன் பண்ணுங்க.
3. ஸ்டீரியோ பாட்டு கேட்கும்போது எல்லாமே ஆஃப்.
4. பிராக்டிஸ் மோடில் நண்பனைச் சுத்தி ஓடச் சொல்லி, கண்ணை மூடிக்கிட்டுத் திசை சொல்லிப் பாருங்க. முதல் நாளே முடிவு பண்ண வேண்டாம், காது பழக டைம் கொடுங்க.

பழைய ஹெட்செட்தான் இன்னும் என்கிட்ட இருக்கு. அடுத்த மேட்சும் தோத்தோம். ஆனா எதிரி வந்த திசை சரியாத் தெரிஞ்சது. குறி தப்பினது என் கை!